ஆறு மணி என்று எழுதியது யார்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்தகத்தில் நான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை வேலை, சனிக்கிழமை ஒரு மணி வரை. வருகைப் புத்தகத்தில் ஆறு மணி என்று எழுதச் சொல்வார்கள், நானும் எழுதிவிடுவேன். ஓவர்டைம் கேட்கலாமா? ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா, "அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு முதலாளி ஆயிரம் வெள்ளி கொடுத்தாரே, நன்றி வேண்டாமா" என்கிறார்.

பதில்: கேட்கலாமா என்பதே தப்பான கேள்வி, தங்கச்சி. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரருக்கு ஓவர்டைம் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அன்றாட வேலை நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு ஒன்றரை மடங்கு. உன் 1,800ஐ 26ஆல் வகுத்து, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்து, ஒன்றரையால் பெருக்கிப் பார். மணிக்குக் கிட்டத்தட்ட 13 வெள்ளி. ஆறு மணிக்கு மேல் தினமும் மூன்றாக, வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், 195 வெள்ளி. அப்பாவுக்குக் கொடுத்த ஆயிரத்தை ஆறே வாரத்தில் தாண்டிவிடுகிறது.

ஆனால் என்னைக் குத்தியது "நானும் எழுதிவிடுவேன்" என்ற உன் வார்த்தைதான். உன் அம்மா வேலை செய்த நாளைத் தோட்டக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறைத்துப் போட்டால், அம்மா சும்மா இருப்பாரா? காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டிலேயே சண்டை பிடிப்பார். கைநாட்டு வைத்த பாட்டிமாருக்குத் தாளில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. உனக்குத் தெரியும். அம்மா பால் வெட்டிப் படிக்கவைத்த கையெழுத்தை வைத்து, தினமும் மூன்று மணி நேரத்தை நீயே அழிக்கிறாய். நாளைக்குத் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால், முதலாளி அந்தப் புத்தகத்தைத்தான் மேசையில் வைப்பார்.

நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. பெற்றவர் கண்ணுக்கு உதவியவரை மறப்பது பாவம். அது கடன் என்றால் மாதம் நூறாகத் திருப்பிக் கொடு, ரசீதும் வாங்கிக்கொள். அன்பளிப்பு என்றால் தீபாவளிக்குக் குடும்பத்தோடு போய்க் கும்பிடு. இரண்டையும் உன் உழைப்பில் கழிக்க அவருக்கு உரிமையில்லை. இதை அம்மாவிடமும் நீயே உட்கார்ந்து சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் நடத்தும் காரியமில்லை இது.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. வந்த நேரம், போன நேரம், கூட இருந்தவர் யார் என்று எழுது. "இன்றைக்கு நில்" என்று வரும் வாட்ஸ்அப்பை அழிக்காதே. சம்பளச் சீட்டு கேள். முதலில் முதலாளியிடம் மரியாதையாகப் பேசு, அப்புறமும் மறுத்தால் இலாகாவில் புகார் கொடு.

நாளை இரவு கடையை விட்டுக் கிளம்பும்போது புத்தகத்தில் ஒன்பது என்று எழுது.