சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தண்ணீரில் மீன் வளருமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. தினமும் வெள்ளையாகக் கழிவுநீர் ஓடுகிறது. மாவுச்சத்துதானே, அதைப் பண்ணைக்குட்டையில் நிரப்பி கட்லா, ரோகு விட்டால் என்ன? கொல்கத்தாவில் சாக்கடைத் தண்ணீரிலேயே வளர்க்கிறார்களாமே?
- வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம், குஞ்சு வாங்கிய காசு போய்விடும். மாவுச்சத்து விஷமில்லைதான், ஆனால் அதைத் தின்ன வரும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஆலைக்காரர்கள் பி.ஓ.டி. என்று சொல்வது இந்த ஆக்சிஜன் தேவையைத்தான். ஆறு, ஏரியில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் அனுமதி. சுத்திகரிக்காத சேகோ தண்ணீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும், அவ்வளவு அமிலம். போதாததற்கு ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) இயல்பாகவே சயனைடு உண்டு, மீனுக்கு அது துளி போதும்.

கொல்கத்தா கதை வேறு. ஊருக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வருவது வீட்டுச் சாக்கடை, அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நிறைய, ஆழமில்லாத குளத்தில் வெயில் பட்டதும் பாசி பிடிக்கும், பாசி பகலில் ஆக்சிஜன் விடும், தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கெண்டைகள் தின்னும். அவர்களும் எடுத்த எடுப்பில் மீனை விடுவதில்லை, தண்ணீரைத் தேக்கி வெயிலில் ஆறப்போட்ட பிறகுதான் விடுகிறார்கள். சேகோ தண்ணீரில் மாவுச்சத்துக்கு ஈடான தழைச்சத்து கிடையாது, அதனால் பாசிக்கு முன்னால் பாக்டீரியா முந்திக்கொள்ளும்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு, ஆனால் ஆலைக்காரரும் சேர்ந்து வர வேண்டும். முதலில் மூடிய கலனில் விட்டு எரிவாயு எடுக்க வேண்டும், சேலம் பக்கம் பல ஆலைகள் இதைச் செய்கின்றன, விறகுச் செலவும் குறைகிறது. அங்கிருந்து வெளிவரும் தண்ணீரை ஆழமில்லாத தொட்டியில் நிறுத்தி, நன்றாகத் தெளிந்த பிறகு அசோலா என்ற மிதக்கும் நீர்ப் பெரணியை விடுங்கள். அது காற்றில் இருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அந்த அசோலாவை அள்ளி, நல்ல தண்ணீர் உள்ள தனிக் குளத்தில் புல்கெண்டைக்குப் போடுங்கள். தண்ணீரைக் கொடுக்காதீர்கள், தண்ணீரில் விளைந்ததைக் கொடுங்கள் என்கிறேன். அதுவும் சயனைடு சோதனை முடிந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி ஆலையிடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

கேள்வி: சோயா ஆலைக் கழிவுநீரில் மீன் தீவனமே தயாரிக்கிறார்கள் என்று சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். கப்சாவா?
- வாசகி, நாமக்கல்

பதில்: கப்சா இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தெமாசெக் பாலிடெக்னிக்கும் சேர்ந்து சோயா பதப்படுத்தும் ஆலையின் கழிவுநீரில் நுண்ணுயிர்களை வளர்த்து, அந்தப் புரதத்தை கொடுவா மீனின் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதிலாகப் பாதியளவு சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 2023இல் முடிவு வெளியானது. மீன்தூளுக்காகக் கடலில் சின்ன மீன்களை வாரிக்கொண்டு வருவதை நினைத்தால் இது பெரிய விஷயம்தான். ஆனால் சோதனை நடந்தது 24 நாள். கொடுவா விற்கும் அளவுக்கு வளர மாதக்கணக்கில் ஆகும், அதையும் பார்த்துவிட்டுத்தான் நான் கைதட்டுவேன்.

கேள்வி: எந்த அழுக்குத் தண்ணீரையும் தாங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டால் தொல்லை தீர்ந்ததே?
- வாசகர், ராசிபுரம்

பதில்: தாங்கும், காற்றையே நேராகச் சுவாசிக்கும். ஆனால் இந்தியாவில் அதை வளர்க்கத் தடை, 2000த்தில் இருந்தே. மழை வெள்ளத்தில் குளத்தை விட்டுத் தப்பினால் நம்மூர் மீன்களை விட்டுவைக்காது. அதிகாரிகள் வந்து குளத்தோடு அழித்துவிட்டுப் போவார்கள், நஷ்டஈடும் கேட்க முடியாது.