அப்பாவுக்கு 38 மார்க்கா?

கேள்வி: திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் மகளிடம் பள்ளியிலேயே ஒரு சென்டர்காரர்கள் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அப்பா அம்மா எப்படி என்று பிள்ளையிடம் கேட்கும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 'தந்தை 38 சதவீதம், நிராகரிக்கும் பெற்றோர்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை. நான் அவ்வளவு மோசமா?

பதில்: அந்த 38-ஐ முதலில் மறந்துவிடுங்கள். இந்த வகைக் கேள்வித்தாள்களில் பெயர்பெற்றது 1965-இல் ஷேஃபர் என்பவர் உருவாக்கியது. அதில் 30 கேள்விகள் மட்டும் உள்ள சுருக்க வடிவமும் உண்டு. அம்மாவுக்கு ஒரு தாள், அப்பாவுக்கு ஒரு தாள். பார்ப்பது மூன்று விஷயம்: அரவணைப்பு, கண்டிப்பு, அப்புறம் பேசாமல் இருந்தே பிள்ளையை வழிக்குக் கொண்டுவருகிற மாதிரி மனசைப் பிடித்து ஆட்டுவது. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் கூட்டி 'உடம்பு 38' என்று எந்த லேபாவது எழுதித் தருமா?

அந்தத் தாள் உங்களை அளக்கவில்லை. மகள் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறவரின் உழைப்பு அதில் ஏறாது.

அவள் அதை எப்படி நிரப்பினாள் என்று விசாரித்தீர்களா? தாளில் ரோல் நம்பர், பக்கத்தில் கிளாஸ் டீச்சர் என்றால் அது குப்பைக்குப் போகவேண்டிய தாள். ரகசியம் காப்போம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை அப்பா கையில் கொடுப்பது அதைவிட அநியாயம். முழுநேர ஆலோசகர் ஒருவரை வைக்க மனமில்லாத பள்ளிகள் இவர்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிடுகின்றன. அடுத்து 'பேரன்டிங் பேக்கேஜ்' என்பார்கள், விரல்ரேகை பார்த்து மூளையைச் சொல்கிறோம் என்பார்கள். விரல்ரேகைக்கு அறிவியல் ஆதாரமே கிடையாது. பத்து பைசா கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் யோசியுங்கள்: மகளை வளர்த்தது யார்? உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் 'அம்மா' தாளை அமோகமாக நிரப்பியிருந்தான். திருப்பூரில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மெதுவாகக் கேட்டால், "அம்மாச்சிய நெனச்சுத்தான் சார் போட்டேன்" என்கிறான். அவனை வளர்த்தது அம்மாச்சி, சோறு ஊட்டியதும் அம்மாச்சி, பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் அம்மாச்சி. யாரை நினைத்து எழுதவேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் அம்மாச்சியின் மார்க் அம்மா கணக்கில்தான் ஏறும். உங்கள் வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ மாமாவோ அந்த இடத்தில் இருந்தால் 'அப்பா' தாளும் அப்படித்தான்.

எந்தக் கேள்விக்கு என்ன போட்டாய் என்று மகளைக் குடையாதீர்கள். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருங்கள். அவள் சாப்பாடு, தூக்கம், பேச்சு குறைந்திருந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கும் பேசலாம், காசு கிடையாது.