எந்த உப்பை எங்கே போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடல் உப்பு வகைகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரு சின்ன டப்பா ‘ஃப்ளூர் டி செல்’ பரிசாக வந்தது. சூப்பில் போட்டுப் பார்த்தேன், சாதாரண உப்புக்கும் அதற்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை. எல்லாம் ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை, போட்ட இடம்தான் சரியில்லை. கரைந்த பிறகு எந்த உப்பும் வெறும் உப்புத் தண்ணீர்தான். இதன் மதிப்பு முழுவதும் படிகத்தில் இருக்கிறது. படிகம் கரைந்தால் கொடுத்த காசும் கரைந்தது.

இதற்குப் பேர்போன இடம் பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் கெராந்த் உப்பளங்கள். நல்ல வெயிலும் லேசான உலர்காற்றும் சேர்ந்த நாட்களில், பாத்தித் தண்ணீரின் மேல் பாலில் ஏடு கட்டுவதுபோல மெல்லிய உப்புப் படலம் கட்டும். நீண்ட கைப்பிடி வைத்த தட்டையான பலகையால் அதைப் பதமாக வழித்தெடுப்பார்கள். விட்டுவைத்தால் படலம் கனத்து அடியில் இறங்கிவிடும். மழை வந்தால் அதுவும் இல்லை. விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம். போர்ச்சுகலின் அல்கார்வே கரையிலும் இதே முறையில் எடுக்கிறார்கள், அதுவும் நல்ல உப்புதான்.

ஒரு தக்காளியைக் கனமான வட்டமாக வெட்டி, விரல் நுனியால் நாலைந்து படிகம் தூவி உடனே கடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் சுருக்கென்று கரிக்கும், பக்கத்திலேயே தக்காளியின் இனிப்பு அப்படியே இருக்கும், நடுவில் பல்லில் ஒரு நறுக். அதே தக்காளியை ஐந்து நிமிடம் விட்டால் சாறு ஊறிப் படிகம் காணாமல் போய், முழுத்துண்டும் ஒரே சீராக உப்புக் கரிக்கும். அப்போது தூள் உப்பே போதுமே. வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய மீன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பரிமாறும்போது போடுங்கள், சமைக்கும்போது வேண்டாம்.

கேள்வி: சமையல் குறிப்பில் ‘ஒரு தேக்கரண்டி செதில் உப்பு’ என்று இருந்தது. தூள் உப்பை அதே அளவு போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

பதில்: ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம் வரும். செதில் உப்பு அதே கரண்டியில் பாதி எடைகூட வராமல் போகலாம். ஆக, நீங்கள் இரண்டு மடங்குக்கும் மேல் போட்டிருக்கலாம்.

தூள் உப்பின் ஒவ்வொரு மணியும் சின்னக் கனசதுரம், இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொள்ளும். செதில் உப்பு வேறு வகை. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில் 1882 முதல் தயாராகும் மால்டன் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தட்டங்களில் உப்புநீரை மெதுவாகச் சூடாக்கும்போது, மேற்பரப்பில் மிதக்கும் படிகம் விளிம்பு வழியாகவே வளரும். வளர வளரக் கனம் கூடிக் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும், விளிம்பு மட்டும் அகன்றுகொண்டே போகும். கடைசியில் கிடைப்பது உள்ளே கூடான, தலைகீழ்ப் பிரமிடு. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், படிப்படியான சுவர்கள் கண்ணுக்கே தெரியும். இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் பொடிப்பொடியாக நொறுங்கும். கரண்டி நிறையக் காற்றை அளந்துவிட்டு உப்பை அளந்ததாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

உப்பு மாற்றும்போது கரண்டியை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். ரொட்டி மாவுக்கு மாவின் எடையில் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எந்த உப்பானாலும் தப்பு வராது.

கேள்வி: சாம்பல் நிறக் கடல் உப்பு வாங்கினேன். ஈரமாக, அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: அது அப்படித்தான் இருக்கும். ஃப்ளூர் டி செல் மேலே படரும்போது, அதே பாத்தியின் களிமண் தரையில் படிவதுதான் இந்த உப்பு. வாரி எடுக்கும்போது மண்ணின் சாம்பல் நிறம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஈரம் என்பது படிகத்துக்குள் தங்கிப்போன உப்புநீர். அதில் மக்னீசியம் உப்புகளும் உண்டு, காற்றின் ஈரத்தை அவை இழுத்து வைத்துக்கொள்ளும். நாக்கின் ஓரத்தில் தட்டும் மெல்லிய கசப்பும் அவற்றால்தான்.

என்னைக் கேட்டால் இந்த வரிசையில் காசுக்கு மதிப்பான உப்பு இதுதான். காய்கறி வேகவைக்கவும், மாமிசத்தை நீளநேரம் மெதுவாகச் சமைக்கவும், முழு மீனை உப்புக்குள் புதைத்துச் சுடவும் தோதானது. ஈர உப்பில் மீனைப் பொதிந்தால் மேலே உப்பு ஓடு நன்றாக இறுகும். ஆனால் அதற்குக் கிலோ கணக்கில் வேண்டும் என்பதால், சாதாரணக் கல் உப்பை முட்டை வெள்ளைக்கருவில் பிசைந்து பொதிந்தாலும் வேலை முடிந்துவிடும். அந்த ஓட்டை யாரும் சாப்பிடப் போவதில்லையே.

கேள்வி: ஹிமாலயப் பிங்க் உப்பும் கடல் உப்புதானே?

பதில்: கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு. இன்று அது சுரங்க உப்பு. பெரும்பகுதி பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. நிறம் இரும்பினால். சுவையில் பெரிய வேறுபாடு எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கறுப்பு உப்பு, சிவப்பு உப்பு என்று கடைகளில் பார்க்கிறேன். இவற்றுக்குத் தனிச் சுவை உண்டா?

பதில்: இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சைப்ரஸ் கறுப்பு உப்பு என்பது கடல் உப்புச் செதில்களில் கரித்தூள் கலந்தது. ஹவாய்க் கறுப்பு உப்பும் அப்படியே. ஹவாயின் சிவப்பு ‘அலயா’ உப்பில் இரும்புச் சத்துள்ள செம்மண் சேர்ந்திருக்கும், அது லேசான மண் வாசனை தரும். இந்த மூன்றும் முதலில் கண்ணுக்கு, அப்புறம்தான் நாக்குக்கு. வெள்ளைப் பாலாடைக்கட்டி மேல் கறுப்புச் செதில் அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

‘காலா நமக்’ முற்றிலும் வேறு சங்கதி. பாறை உப்பைச் சூளையில் சுட்டுச் செய்வது, பொடித்தால் கறுப்பே இல்லை, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். கந்தகத்தால் முட்டை வாடை அடிக்கும். முட்டை சேர்க்காதவர்கள் சோயாப்பால் கட்டியான டோஃபுவில் முட்டை வாசம் கொண்டுவர இதைத்தான் போடுகிறார்கள். சைப்ரஸ் உப்பு கேட்கும் குறிப்பில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கடல் உப்பில் தாதுக்கள் அதிகம், அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்களே?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. அதில் 2 சதவீதம் மற்ற தாதுக்கள் என்றே வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 0.1 கிராம். அதுவும் பல தாதுக்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு! ஒரு பிடி கீரை இதைவிடப் பல மடங்கு தரும். சோடியம் எல்லா உப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்று. கடலிலிருந்து வந்ததால் அயோடின் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சேர்க்காத கடல் உப்பில் அது மிகவும் குறைவு. தினசரிச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பே இருக்கட்டும். மேலே தூவும் ஒரு சிட்டிகைக்கு மட்டும் உங்கள் இஷ்டம்.

கேள்வி: புகையூட்டிய உப்பை எதில் போடலாம்?

பதில்: அடுப்பில் புகை காட்ட முடியாத எதிலும். உருளைக்கிழங்கு, சோளம், வெண்ணெய், பொரித்த முட்டை. ஓக், ஆல்டர், ஆப்பிள் மரப் புகையைக் குளிர்ந்த நிலையில் மணிக்கணக்காக ஏற்றியதுதான் அசல். லேபிளில் ‘புகைச் சுவையூட்டி’ என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாசனை ஆவியாகிப் போகும், அதனால் கடைசியில் தூவுங்கள், டப்பாவையும் இறுக மூடி வையுங்கள்.

கேள்வி: காரமல் மிட்டாய் மேல் தூவிய உப்பு மறுநாள் ஈரமாகிக் கரைந்துவிடுகிறது. சாக்லேட்டில் அப்படி ஆவதில்லை. ஏன்?

பதில்: சாக்லேட்டில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம், படிகம் பத்திரமாக இருக்கும். அது முழுதாக இறுகுமுன், தொட்டால் ஒட்டும் பதத்தில் தூவினால் போதும். காரமல் தானும் ஈரத்தை இழுக்கும், உப்பும் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் கசியத்தான் செய்யும். சூடாக இருக்கும்போது தூவினால் உப்பு உள்ளே முழுகிவிடும். ஆறிய பின், பரிமாறும் அன்றைக்கே தூவுங்கள். முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும் என்றால் காரமலைச் சாக்லேட்டில் முக்கி அதன் மேல் தூவலாம்.

கேள்வி: காய்கறிகளை உப்பில் புளிக்க வைக்க அயோடின் உப்பு கூடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அயோடின் கலந்த உப்பிலும் நன்றாகவே புளிக்கும். கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் உப்புநீரைக் கலங்கலாகக் காட்டும், பார்வைக்கு மட்டும்தான் குறை. காய்கறி எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்பு, அதுதான் முக்கியம்.

கேள்வி: விலையுயர்ந்த கடல் உப்புக்கு அரைக்கும் ஆலை அவசியமா?

பதில்: மிளகை அப்போதே அரைத்தால் வாசனை கிளம்பும். உப்பில் கிளம்ப எதுவும் இல்லை. பெரிய கற்களைச் சிறிதாக்க வேண்டும் என்றால் மட்டும் ஆலை வாங்குங்கள், அதிலும் பீங்கான் பற்கள் உள்ளதாக, இரும்பு துருப்பிடித்துவிடும். ஈரமான சாம்பல் உப்பை அதில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அதற்கு உரல் போதும். செதில் உப்பை ஆலையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். நொறுக்கவே விரல் போதுமான ஒன்றை ஏன் அரைப்பானேன்?