கொனோயே வீட்டில் இருக்கும் பேரரசர் கையெழுத்துகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜப்பான் பேரரசர்கள் எழுதியதெல்லாம் எப்படி ஒரு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது?

பதில்: கொனோயே சாதாரணக் குடும்பம் இல்லை. அந்தக் காலத்தில் பேரரசருக்காக ஆட்சியை நடத்தும் பதவிக்கு ஐந்து வீட்டாருக்குத்தான் உரிமை இருந்தது, அதில் இதுவும் ஒன்று. சடங்கில் சந்தேகம் வந்தால் பழைய தாளைப் புரட்டித்தான் முடிவு செய்வார்கள், அதனால் தாளைக் கைவிட்டால் பதவியின் பலமே போய்விடும். இரத்த உறவும் உண்டு; பேரரசர் கோ-யோஸெயின் மகன் நொபுஹிரோ இந்த வீட்டுக்குத் தத்து வந்தவர். 1938-இல், பிரதமராக இருந்த கொனோயே ஃபுமிமாரோ இந்தச் சொத்தைக் கியோட்டோவில் யோமெய் புன்கோ என்ற காப்பகமாக ஆக்கினார்.

கேள்வி: அங்கே எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: குமானோ கவிதைத் தாள்கள். 1200 வாக்கில், பதவி துறந்த பேரரசர் கோ-தோபா குமானோ கோயில்களுக்கு யாத்திரை போகும் வழியில் தங்கிய இடங்களில் கவியரங்கம் வைத்தார். அவர் எழுதிய தாளும் கூடப் போன கவிஞர்கள் இயேதகா, ஜாகுரென் இருவரின் தாள்களும் இங்கே இருக்கின்றன. மற்றவர்கள் பெயர் போடுவார்கள், பேரரசர் போடமாட்டார். தொடர்ந்து ஓடும் அந்தக் கோட்டில் ஒரு அவசரமும் துணிச்சலும் தெரியும், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கேள்வி: அரச ஆணைகளும் அவர்கள் கையெழுத்துதானா சார்?

பதில்: இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிஞ்ஜி என்ற ஆணையைப் பேரரசர் சொல்ல, செயலர் எழுதுவார். அதற்குப் பெரும்பாலும் பழைய தாளைக் கரைத்துச் செய்த தாள்தான். பழைய மை முழுதும் போகாததால் சாம்பல் நிறமாக இருக்கும். பேரரசரே எழுதியதற்கு மட்டும்தான் ஷின்கன் என்று பெயர்.

கேள்வி: சில கடிதங்களில் வரிகள் தாறுமாறாகக் கிடக்கின்றனவே, எங்கிருந்து படிப்பது?

பதில்: அரண்மனைப் பெண்கள் எழுதும் பாணி அது, பேரரசர்களும் அப்படி எழுதியிருக்கிறார்கள். பெரிய எழுத்தில், அடர்ந்த மையில் இருப்பதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். இடம் தீர்ந்ததும் ஓரத்துக்கும் வரி இடுக்குகளுக்கும் போய்ச் சின்ன எழுத்தில் தொடர்வார்கள். தூரிகையில் மை வற்றுவதும் மறுபடி தோய்த்ததும் தெரியும், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் வழி கிடைத்துவிடும். அச்சில் மை வேறுபாடு மங்கிவிடும், அதனால் நல்ல படமாகப் பாருங்கள்.

கேள்வி: அந்த வீட்டுக்காரர்களும் எழுதினார்களா?

பதில்: நன்றாகவே. நொபுததா கையெழுத்துக் கலையில் தன் காலத்தின் முதல் மூவரில் ஒருவர். அப்புறம் இயேஹிரோ (1667–1736), பழைய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்தவர், அவற்றை ஒட்டிச் சுருளாக்கும் துணியைக்கூடத் தானே தேர்ந்தெடுத்தவர்.