பாத்ரூம் தரைக்கு எந்த டைல்ஸ்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது, அடுத்து பாத்ரூம் தரை. ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை எங்கள் ஊரில் துணியே ஒழுங்காகக் காயாது, தரை எங்கே காயப்போகிறது? ஓசூரில் ஒரு கடையில் இரண்டுக்கு நாலு அடியில் பளபளவென்று ஒரு டைல்ஸைக் காட்டி, ஜாயின்ட்டே தெரியாது என்கிறார்கள். வீட்டுக்காரரோ, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கிரானைட் போடாமல் டைல்ஸ் எதற்கு என்கிறார். எழுபது வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். எதைப் போடலாம்?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: பளபளப்பு வேண்டவே வேண்டாம். ஆசையாக இருந்தால் ஹாலில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் என்பது மாமியார் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போகிற இடம், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த காலோடு எல்லோரும் நிற்கிற இடம். அங்கே கடை விளக்கில் மின்னுவதை வைத்து டைல்ஸ் எடுக்கக் கூடாது.

உங்கள் ஊருக்கு என் தேர்வு ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் மேட் ஃபினிஷ், ஆன்டி ஸ்கிட் விட்ரிஃபைடு டைல்ஸ். விட்ரிஃபைடு என்பது அதிகச் சூட்டில் இறுகச் சுட்ட டைல்ஸ், அது தண்ணீரைக் குடிப்பது அரை சதவீதம், அல்லது அதற்கும் கீழே. தரைக்கு வரும் சாதாரண செராமிக் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் வரை குடிக்கும், சுவர் டைல்ஸோ 10 சதவீதத்துக்கு மேல். மேலே கண்ணாடிப் பூச்சு இருக்கிறதே என்று கேட்பீர்கள், தண்ணீர் மேல் பக்கமாகப் போவதில்லை, ஜாயின்ட் வழியாக இறங்கி அடிப்பக்கத்தைப் பிடிக்கிறது. வெயில் காயும் ஊரில் அது எப்படியோ உலர்ந்துவிடும், உங்கள் பனியில் அங்கேயே தங்கி நாற்றம் பிடிக்கும். கடையில் டைல்ஸைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் வைத்துவிடுங்கள், முத்து முத்தாக நின்றால் எடுக்கலாம். சொரசொரப்புக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை ஒரு கணக்கு உண்டு, அட்டைப்பெட்டியிலோ கேட்டலாக்கிலோ போட்டிருந்தால் ஆர்-10 அல்லது 11 பாருங்கள். அதற்கு மேல் போனால் அழுக்கு உட்கார்ந்துகொண்டு விளக்குமாறுக்கு வராது. எதுவும் போடவில்லையா, செருப்பைக் கழற்றிவிட்டு, டைல்ஸை நனைத்துச் சோப்பு தடவி, காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சின்ன அளவு ஏன் என்றால், வாட்டம். நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஃப்ளோர் ட்ராப்புக்கு, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்க்கு, ஓட வேண்டும். 5 அடி நீளத்துக்கு முக்கால் இன்ச் இறக்கமாவது வேண்டும். நாலடி டைல்ஸ் வளையாது. அதை வைத்து நாலு பக்க வாட்டம் கொடுக்க முடியாமல் மேஸ்திரி தரையை மட்டமாக்கிவிட்டுப் போவார், அப்புறம் மூலையில் தேங்கும் தண்ணீரை நீங்கள்தான் தினமும் தள்ள வேண்டும். அதோடு, ஜாயின்ட் கூடக் கூடக் காலுக்குப் பிடிப்பும் கூடும், கடைக்காரர் குறையாகச் சொன்னதுதான் உங்களுக்கு வேண்டியது. டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, ஜாயின்ட்டில் வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்சி க்ரௌட் என்ற பிசின் கலவையை அடைக்கச் சொல்லுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஈரத்தில் வெள்ளை சிமெண்ட் சீக்கிரமே கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். எபாக்சியை அடைத்த கையோடு துடைக்க வேண்டும், காயவிட்டால் டைல்ஸ் மேல் படலம் நின்றுவிடும்.

விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காததால் சிமெண்ட் பாலில் சரியாக ஒட்டாது. டைல்ஸ் அட்ஹெசிவ் வாங்கி அடி முழுக்கத் தடவி ஒட்டச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், டொக்கு டொக்கு என்று பொத்தல் சத்தம் வரும் டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்லத் தயங்காதீர்கள். இதற்கெல்லாம் முன்னால், வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு எந்த டைல்ஸ் போட்டும் பிரயோஜனமில்லை.

வீட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. நம் மாவட்டத்துக் கல் கப்பலேறி வெளிநாடு போகிறது, நம் வீட்டில் போட்டால் என்ன? ஆனால் பாலிஷ் போட்ட கிரானைட்டில் சோப்புத் தண்ணீர் பட்டால் ஆளைத் தள்ளிவிடும். தோல் மாதிரி லேசான சொரசொரப்புள்ள லெதர் ஃபினிஷ் அல்லது நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு கல் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் பாத்ரூம் வாசலில் ஒரு கறுப்பு கிரானைட் பட்டையைப் படிக்கட்டாக வைத்து அவரைச் சமாதானப்படுத்துங்கள், தண்ணீர் அறைக்குள் வராமலும் தடுக்கும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் டைல்ஸ் முழுக்க வெள்ளை படிகிறது. ஆசிட் ஊற்றினால் போகிறது, பத்து நாளில் மறுபடி வருகிறது. வேறு வழி?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: தர்மபுரி தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவு வரும், இந்த வெள்ளைக்கு அது காரணமில்லை, தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான். ஆசிட் உப்பை எடுக்கும்போதே ஜாயின்ட்டில் இருக்கும் சிமெண்டையும் தின்றுவிடும். வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட்டோ இவையோ, எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு தள்ளு தள்ளினாலே பாதி உப்பு படியாது.

கேள்வி: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதிது ஒட்டலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தட்டும்போது பொத்தல் சத்தம் இல்லாமல், உயரம் கூடினாலும் கதவு திறக்குமென்றால் ஒட்டலாம். கீழ் வீட்டில் கசிவு இருந்தால் மட்டும் உடைத்துத்தான் ஆக வேண்டும்.