பழைய காரில் சூட்டு முள் எங்கே நின்றால் சரி?

கேள்வி: என் கார் இருபத்தைந்து வருடப் பழசு. மீட்டரில் எண் கிடையாது, நீலமும் சிவப்பும்தான். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும்?

பதில்: இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். மேடு ஏறும்போதோ, ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போதோ 105 வரை போய் இறங்குவதும் உண்டு. இதை நிர்ணயிப்பது தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு (காற்றில் அதை ஆற வைக்கும் பகுதி) விடும் வால்வு. பெரும்பாலும் அதன் மேலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு. முழுக்கத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும். உங்கள் முள் வழக்கமாக எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு வாரம் பார்த்து வையுங்கள். பிறகு அது இடம் மாறினால் உடனே கவனியுங்கள்.

கேள்வி: நூறு டிகிரியில் கொதித்துவிடாதா?

பதில்: திறந்த பாத்திரத்து வெறும் தண்ணீர்தான் நூறில் கொதிக்கும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 107 வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது 125க்கு மேலும் போகும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பழைய வண்டி வாங்கினால் நான் முதலில் மாற்றுவது அந்த மூடியைத்தான். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளிருப்பது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: நெரிசலில் முள் ஏறுகிறது, வேகமாக ஓட்டினால் இறங்குகிறது.

பதில்: ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் தர வேண்டும். மோட்டார், ஃபியூஸ், ரிலே, ஃபேன் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். இதற்கு நேர்மாறாக, வேகத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் தளர்ந்து உள்வாங்கினாலும் இப்படி ஆகும்.

கேள்வி: அண்ணா, தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டால் வண்டி குளுமையாக ஓடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாத குறுக்குப் பாதை) அடைக்கும். அதில் கழற்றினால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு கூடவும் கூடும். சந்தேகம் இருந்தால் அதை வீட்டிலேயே சோதிக்கலாம். வாய்க்கும் வால்வுக்கும் நடுவே ஒரு நூலைக் கவ்வ வைத்து, பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அடுப்பைச் சின்னதாக வையுங்கள். 82 பொறித்ததாக இருந்தால், அதையொட்டி வால்வு மெல்ல விலகி நூல் வழுக்கித் தெர்மோஸ்டாட் அடியில் விழும். தண்ணீர் கொதித்தும் விழாவிட்டால் மாற்றுங்கள். ஆறிய பிறகும் வாய் மூடாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து சாவி போட்டால் முள் ஏறியிருக்கிறதே?

பதில்: பம்ப் நின்றதும் இன்ஜின் இரும்பின் சூடு தேங்கிய கூலண்டில் இறங்குகிறது. ஸ்டார்ட் செய்து ஓட்டியதும் இறங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஹெட்லைட் போட்டால் மட்டும் முள் நகர்கிறது.

பதில்: சூடு மாறவில்லை, மீட்டரின் எர்த் வயர் தளர்ந்திருக்கிறது.

கேள்வி: ஓடும்போதே முள் சிவப்பைத் தொட்டால்?

பதில்: ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். மேல் ஹோஸை அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுங்கள். அப்புறம் மூடி மேல் தடித்த துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதித்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட்டில் (இன்ஜினின் மேல் மூடிப் பகுதி) விரிசல் விழும்.