படம் முதலில், படிப்பு பிறகு

கேள்வி: மானுடவியல் படிக்காமல், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியே ஒருவர் மானுடவியலாளர் ஆகிவிட முடியுமா?

பதில்: ஆகியிருக்கிறார். பியர் வெர்ஜே. 1902-இல் பாரிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். 1932-இல் அம்மாவும் இறந்துபோக, ஒரு ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்புறம் 14 வருஷம் டஹிட்டி, ஜப்பான், சீனா, மெக்சிகோ, பெரு என்று சுற்றல்தான். படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பு ஓடியது.

அந்தக் கேமராவைப் பொதுவாகக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றருகே பிடித்து, தலையைக் குனிந்து, அதன் மேல்பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரின் முகத்தை எதுவும் மறைக்காது, நிமிர்ந்தால் அவரோடு பேசலாம். வெர்ஜேயின் படங்களில் மீனவர்களும் சுமை தூக்குபவர்களும் விறைத்து நிற்காமல் அவரவர் பாட்டுக்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1946-இல் பிரேசிலின் சால்வடோர் நகரத்துக்கு வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே காண்டொம்ப்ளே என்ற வழிபாட்டில் தங்கள் பழைய தெய்வங்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அது அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தெய்வங்களின் பிறந்த ஊரைத் தேடி, டக்காரில் இருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உதவித்தொகையில் மேற்கு ஆப்பிரிக்கா போனார். சுமார் 2,000 நெகடிவ்களோடு திரும்பியவரிடம், இது போதாது, பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்றது அந்த நிறுவனம். அவருக்கு எழுத விருப்பமே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தார். எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான இடம் இதுதான்: தான் எடுத்த படத்துக்குத் தானே விளக்கம் சொல்ல வேண்டி வந்தபோதுதான் அவர் ஆய்வாளர் ஆனார்.

வெளியே நின்று குறிப்பெடுப்பதோடும் நிற்கவில்லை. 1953-இல், இன்றைய பெனினில் இருக்கும் கேத்தூவில், இஃபா குறிசொல்லும் மரபில் தீட்சை பெற்று பாபலாவோ, அதாவது குறிசொல்லும் பூசாரி, ஆனார். ஃபாத்துன்பி என்று பெயர் வைத்தார்கள். இஃபாவால் மறுபிறவி எடுத்தவர் என்று அர்த்தம். பெனின் வளைகுடாவுக்கும் பிரேசிலின் பஹியாவுக்கும் இடையே நடந்த அடிமை வணிகத்தைப் பல வருஷம் ஆராய்ந்தார். பள்ளியை முடிக்காத அந்த மனிதருக்கு 1966-இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது.

கேள்வி: சரி, அவர் எடுத்த படங்கள் இப்போது எங்கே?

பதில்: சால்வடோரில்தான். 1988-இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, சுமார் 62,000 நெகடிவ்களையும் அதற்கே கொடுத்தார். 1996-இல் இறக்கும்வரை அவர் குடியிருந்த வீட்டிலேயே அந்த அறக்கட்டளை இயங்குகிறது.